அந்தோனியாருக்கு ஒரு ஹெலி

எங்கட அந்தோனியார் கோயிலில சொரூபத்துக்குப் பக்கத்தில ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கு. நேர்த்திக்குக் குடுத்த சாமான் எல்லாம் அதுக்குள்ளதான். வெள்ளியில கண், கை, கால், தொட்டில், பிறகு சின்னச் சின்ன வள்ளங்கள். வள்ளந்தான் கனக்க. நெடுந்தீவு ஆக்கள் வேற என்னத்தைக் குடுக்கிறது? இப்ப அந்த அலுமாரியின்ர மேல்தட்டில ஒரு ஹெலியும் நிக்குது. பிளாஸ்டிக் ஹெலிகொப்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட நீளம், பச்சையும் மண்நிறமும். செய்து பெயின்ற் அடிச்சவன் நான். வாறவை எல்லாம் கண்ணாடியில மூக்கை வைச்சுப் பாத்திட்டு, "இதார் குடுத்தது, ஆமியோ?" எண்டு கேக்கினம். இல்லை ஐயா, என்ர மனிசி நேர்ந்தது. முடிஞ்சுது. அப்பாடா எண்டு ஒருக்கா வாய்விட்டுச் சொல்லிப்போட்டுத்தான் இதை எழுதத் தொடங்கிறன்.

போன வருசம் சோளகக்காத்துக் காலத்தில நடந்தது. கலியாணம் முடிச்சுக் கனகாலம் பாத்திருந்து கிடைச்ச பிள்ளை. நாள் இன்னும் கிடக்கு எண்டு நாங்கள் ஆறுதலா இருக்கேக்க ஒரு விடியக்காலமை மனிசிக்கு நோ தொடங்கிட்டுது. எங்கட தீவு ஆசுப்பத்திரி டொக்டர் வயித்தைத் தொட்டுப் பாத்திட்டு, பிள்ளை குறுக்க கிடக்கு, உடன பெரியாசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும் எண்டார். யாழ்ப்பாணம் போறதெண்டால் முதல் குறிகட்டுவானுக்குக் கடல் கடக்க வேணும். அண்டைக்குக் கடல் கிடந்த கிடையில ஆக்கள் போற லோஞ்சு எல்லாம் இறங்குதுறையில கட்டிப்போட்டுக் கிடந்தது. டொக்டர் ரெலிபோனில ஆராரோடயோ கதைச்சுக் கதைச்சுக் கடைசியில, விமானப்படை ஹெலி வருகுது எண்டு சொன்னார். நான் நிண்ட நிலையில அழுதிட்டன்.

மனிசியை மைதானத்தில கொண்டுபோய் வைச்சுக்கொண்டு நிண்டம். சத்தம் கேட்டுது. கேட்ட உடன என்ர அண்ணை, எந்தப் பெரிய திரைக்கும் கண் வெட்டாத மீன்பிடிகாரன், முருகைக்கல் வேலிக்குப் பின்னால குப்புற விழுந்து படுத்திட்டார். சண்டைக்காலத்துப் பழக்கம். எங்கட வயசு ஆக்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் முழங்கால் தானாக மடங்கும். பிறகு எழும்பிச் சாரத்துத் தூசியைத் தட்டிக்கொண்டு, "கல்லுத் தடக்கிட்டுது" எண்டார். நான் சிரிக்கேல்லை. நானும் பாதி குனிஞ்சபடிதான் நிண்டனான்.

ஹெலி இறங்கேக்க மேய்ஞ்சுகொண்டு நிண்ட தீவுக் குதிரையெல்லாம் நாலு பக்கமும் பறந்துது. தூசியில கண் திறக்க ஏலாது. மனிசியை ஸ்ட்ரெச்சரோட தூக்கி ஏத்தினாங்கள், கூட ஒரு நேர்ஸ் ஏறினா. நானும் ஏறப் போனன். ஹெலியில வந்த ஒருத்தன் என்ர நெஞ்சில கையை வைச்சு, இடமில்லை எண்டு தலையை ஆட்டினான். அவன்ர முகத்தில ஒரு பொல்லாப்பும் இல்லை, அவனுக்கும் அவசரம். பக்கக் கதவு திறந்தபடியே அது எழும்பிப் போச்சு. மனிசியின்ர ஒரு செருப்பு என்ர கையில.

 அந்தச் செருப்போட இறங்குதுறைக்கு ஓடினன். அண்ணை பின்னால ஓடி வந்து, "டேய், உனக்கென்ன விசரே? உந்தக் கடலில வள்ளம் விடுறதோ?" எண்டு கத்தினார். "நீங்கள் வராட்டி நான் தனிய எடுத்துக்கொண்டு போறன்" எண்டன். நான் ஒரு பள்ளிக்கூட வாத்தி. இஞ்சினைக் கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணவே எனக்கு ஒழுங்கா வராது. அது அவருக்குத் தெரியும். தூசணத்தில ஒரு மாலை கட்டி என்ர கழுத்தில போட்டிட்டுத்தான் ஏறினார். நடுக்கடலில இஞ்சின் நிண்டது. அந்த நேரத்துக்குள்ள நான் எத்தினை தரம் செபமாலை சொன்னன், எத்தினை தரம் வெளிய தலையை நீட்டிச் சத்தி எடுத்தன் எண்டு கேக்காதேங்கோ. எப்பிடியோ கரை ஏறினம்.

பெரியாசுப்பத்திரிக்குப் போய்ச் சேரேக்க பொம்பிளைப் பிள்ளை பிறந்திட்டுது. தாயும் பிள்ளையும் சுகம். அந்த வார்த்தை காதில விழுந்த உடன நான் விறாந்தையிலயே குந்திட்டன். பிறகு உள்ள விட்டினம். மனிசி என்னை மேலயும் கீழயும் பாத்தா. தலையில இருந்து கால் மட்டும் உப்புத்தண்ணி.

"எப்பிடி வந்தனீங்கள்?" எண்டா.

"அண்ணையின்ர வள்ளத்தில" எண்டன், ஏதோ பெரிய வீரன் மாதிரி.

அவ சுவர்ப் பக்கம் திரும்பிட்டா. நோவாக்கும் எண்டு நினைச்சன். கொஞ்ச நேரத்தால சுவரைப் பாத்தபடியே சொன்னா: "அந்தோனியாருக்கு ஒரு ஹெலி தாறன் எண்டு நேர்ந்திட்டன். நான் போனது மாதிரியே ஒண்டு."

பக்கத்துக் கட்டில் பிள்ளைத்தாச்சி சிரிச்சே போட்டா. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தோனியாரோட விளையாட ஏலாது. சரி, பிள்ளைக்காக நேர்ந்தது, செய்துதானே ஆக வேணும் எண்டன். அவ பிள்ளைப் பக்கம் திரும்பித் துணியை இழுத்து மூடிவிட்டா.

நேர்த்திக்கு ஹெலி வேணும் எண்டது ஒரு கரைச்சல். மற்றது அதை விடப் பெரிசு. பிள்ளை பெத்த துடக்குக் கழிக்கக் கரம்பனுக்குத் தாய் வீட்டுக்குப் போன மனிசி திரும்பி வரேல்லை. "பிள்ளையோட அந்தக் கடலுக்கு அங்கால வரமாட்டன். நீங்கள் இடமாற்றம் கேட்டுக்கொண்டு இஞ்சால வாங்கோ" எண்டா. கரம்பனும் தீவுதான், ஆனால் பாலம் போட்ட தீவு; அங்க இருந்தெண்டால் ஓட்டோ பிடிச்சுப் பெரியாசுப்பத்திரிக்குப் போகலாம். நியாயம் இல்லை எண்டு சொல்ல ஏலாது. ஆனால் என்ர வீடு, என்ர பள்ளிக்கூடம், அண்ணை, எல்லாம் நெடுந்தீவில. அங்க படிப்பிக்க எண்டு வாற ஆக்கள் வந்த அண்டைக்கே திரும்பிப் போக வழி தேடிறவை. நானும் போனால் விஞ்ஞானத்துக்கு ஆளில்லை. அதோட, மனிசிக்குக் கடல் பயம் பிடிச்சிட்டுது, அது மாறும் எண்டுதான் நான் நம்பினனான். மாறாட்டி என்ர குடும்பம் ரெண்டு தீவில ரெண்டு அடுப்பா எரியப்போகுது. அந்த நினைப்பு என்னை நித்திரை கொள்ள விடேல்லை.

கிழமைக்குக் கிழமை சனி காலமை கடல் கடந்து கரம்பனுக்குப் போவன், ஞாயிறு பின்னேரம் திரும்புவன். வாசலில கால் வைக்க முதல் மனிசி கேக்கிற முதல் கேள்வி, "கடல் எப்பிடி?"

"குளம் மாதிரி" எண்டுவன். பயம் தெளியட்டும் எண்டுதான். ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்து லோஞ்சைத் தூக்கித் தூக்கி அடிக்கும். குறிகட்டுவானில இறங்கி, பையில கொண்டுபோற மற்றச் சேட்டை மாத்திக்கொண்டு, தலையைத் துவாயால துடைச்சுச் சீவிப்போட்டுத்தான் பஸ் ஏறுவன். "குளம் மாதிரி." சொல்லிச் சொல்லி எனக்கே வெக்கமா இருக்கும்.

ஹெலிக்கு முதலில ஒரு நகைக்கடைக்குத்தான் போனன். பத்தர் கண், கை, கால், தொட்டில், வள்ளம் எல்லாத்துக்கும் அச்சு வைச்சிருந்தார். ஹெலிக்கு இல்லை. "படம் தாரும், தட்டித் தாறன்" எண்டார். தட்டித்தான் தந்தார். கரம்பனுக்குக் கொண்டுபோய்க் காட்ட மனிசி திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, "மீனுக்கு ஆர் குடை பிடிச்சது எண்டு அந்தோனியார் கேப்பார்" எண்டா. மாமி அடக்க ஏலாமக் குசினிக்குள்ள ஓடிட்டா. உண்மைதான், அச்சு அசல் குடை பிடிச்ச பாரை மீன்.

பிறகு மனிசியின்ர தம்பி, பிரான்சில இருக்கிறவன், "அத்தான், நான் ஒண்டு அனுப்பிறன், அதே மாதிரி ஹெலி" எண்டான். மார்கழியில நத்தார்ப் பெருநாளுக்கு ஊருக்கு வந்த ஒரு சொந்தக்காரரிட்டைக் குடுத்துவிட்டான். பெட்டியின்ர மேல வடிவான படம். வட்ட யன்னல், பெரிய மூக்கு, ரெண்டு பக்கமும் ரொக்கெட். நான் ஆவலாத் திறந்தன். உள்ள ஹெலி இல்லை! சாம்பல் நிறச் சட்டங்கள், அந்தச் சட்டங்களில காய்ச்சுத் தொங்கின மாதிரி நூற்றுக்கணக்கில துண்டுகள். நகத்தளவு, நெல்லளவு, சிலது கண்ணுக்கே தெரியாது. ரெலிபோன் எடுத்து, "டேய், உடைஞ்சு போச்சடா" எண்டன். அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். "அத்தான், நீங்கள்தான் துண்டு துண்டாப் பொருத்திப் பூட்ட வேணும். நீங்கள் விஞ்ஞான வாத்திதானே?"

விஞ்ஞான வாத்தி! அண்டையில இருந்து ஊரே அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி என்னைக் கொண்டுபோட்டுது.

முதல் நாளே நானும் அண்ணையுமாச் சேந்து ஒரு மடத்தனம் செய்தம். எங்கட வீட்டில மீன் வந்தால் முழுக்க வெட்டிக் கழுவித் துப்பரவாக்கிச் சட்டியில போட்டாப் பிறகுதான் கறிக்கு அடுப்பு மூட்டுறது. அந்தப் பழக்கத்தில அண்ணை நகவெட்டியும் நான் பிளேட்டுமா இருந்து, எல்லாத் துண்டையும் சட்டத்தில இருந்து வெட்டி ஒரு சுளகில குவிச்சிட்டம். வெட்டின சட்டத்தை அண்ணை அடுப்படியில போட்டிட்டார். நல்லா வேலை முடிஞ்சுது எண்ட திருப்தி. பிறகுதான் நான் விளக்கத்தாளை விரிச்சுப் பாத்தன். அதில எழுத்தே இல்லை, படமும் நம்பரும்தான். அந்த நம்பர் எங்க இருக்கு? துண்டில இல்லை. சட்டத்தில. சட்டம் அடுப்பில. கத்தின கத்தில பக்கத்து வீட்டு மாடு மிரண்டுது.

"ஏன் கத்திறாய்? மீனின்ர தலை எது வால் எது எண்டு நம்பர் போட்டே வருகுது?" எண்டார் அண்ணை.

அதோட கிழமைக் கணக்கில சுளகுக்கு முன்னால குந்தினன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு, கல்லரிசி பொறுக்கிற மாதிரி ஒவ்வொரு துண்டா எடுத்துப் படத்தோட வைச்சுப் பாக்கிறது. இது கதிரையோ, கதிரைக்கால் வைக்கிற தட்டோ? இது விசிறியின்ர தண்டோ, குழாயோ? ஒருக்கா ஒரு துண்டை ஹெலியின்ர மூக்கில ஒட்டி வைச்சிட்டன். அது வாலுக்குரியது எண்டு ஒரு கிழமைக்குப் பிறகுதான் விளங்கினது. கோவத்தில தூக்கி எறிஞ்சிருப்பன், எறிஞ்சால் மனிசிக்கு என்ன சொல்லுறது? ஆனால் உள்ளதைச் சொல்ல வேணும், அந்த வெறும் வீட்டில அந்தச் சனியன் எனக்கு ஒரு துணையாத்தான் இருந்தது.

உள்பக்கத்துக்கு முதல் பெயின்ற் அடிச்சுப்போட்டுத்தான் ரெண்டு பாதியையும் சேத்து ஒட்ட வேணும். ஒட்டினாப் பிறகு உள்ள கை போகாது. உள்பக்கம் எப்பிடி இருந்தது எண்டு எனக்குத் தெரியாது, நான் வெளியில நிண்டவன். மனிசிக்கு வெளிப்பக்கம் தெரியாது, உள்ள மட்டும்தான். அதால ரெலிபோனை ஒரு போத்தலில சாத்தி வைச்சுக்கொண்டு, அவ கரம்பனில பிள்ளைக்குப் பால் குடுத்தபடி சொல்லச் சொல்ல நான் இஞ்ச அடிச்சன்.

"தரை சாம்பல். வெளிச்சச் சாம்பல் இல்லை, மழைக்கால மேகம் மாதிரி."

"சுவர்?"

"சுவரில துணி மாதிரி ஏதோ அடிச்சிருந்தது. பச்சை. எனக்கு நேர ஒரு சிவப்புப் பட்டி தொங்கினது. அதைத்தான் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான்."

அந்தச் சிவப்புப் பட்டியை நான் ஒரு நூலில செய்து ஒட்டினன். கிடந்தனான் எண்டு அவ சொன்ன விதம் எனக்குப் பொறுக்கேல்லை, அதுதான்.

பெயின்ற் ரின் பிளேனில ஏத்த விடமாட்டினம் எண்டு மச்சான் அனுப்பேல்லை. அண்ணையின்ர வள்ளத்துக்கு அடிச்சு மிஞ்சின பெயின்ற்தான். நீலமும் மஞ்சளும் கலந்தால் பச்சை. அதுக்குள்ள துருவுக்கு அடிக்கிற சிவப்பைக் கொஞ்சம் விட்டால் மண்நிறம். வள்ளத்துப் பெயின்ற் கூழ் மாதிரித் தடிப்பு. முதல் தரம் அடிச்சதில புள்ளி, கோடு எல்லாம் மூடுப்பட்டு ஹெலி ஒரு பணியாரம் மாதிரி வந்தது. சுரண்டினன். தின்னர் விட்டு இளக்கினன், கூட விட்டிட்டன், வாலில ஒரு இடம் உருகிப்போச்சு. இப்பவும் உத்துப் பாத்தால் தெரியும், பாக்காதேங்கோ.

ஒருநாள் எங்கட பங்குச் சுவாமி வந்து கதிரையில இருந்தார். மேசையில ரெண்டு பக்கமும் ரொக்கெட்டோட ஹெலி நிக்குது. வடிவா ஒட்டியிருந்தன், எனக்கு அதில ஒரு பெருமை. சுவாமி கொஞ்ச நேரம் பாத்தார்.

"மாஸ்டர், உதை நான் பீடத்துக்கு முன்னால வைக்க ஏலாது" எண்டார், பாவம் மெல்லமா. "கண்ணாலயே குண்டு விழப் பாத்த சனம் வந்து முழங்காலில நிக்கிற இடம்."

 நேர்த்தி போனமாதிரித்தான் எண்டு நினைச்சன். நேர்த்தி போனால் மனிசி வராது, அவ்வளவுதான். ரெலிபோன் எடுத்து விசயத்தைச் சொன்னன். அவ யோசிக்கவே இல்லை.

"என்னை ஏத்தேக்க உது பூட்டியிருந்ததோ?"

"இல்லை. வெறும் கம்பிதான்."

"அப்ப ஏன் நீங்கள் பூட்டினனீங்கள்? வந்தது வந்தமாதிரித்தானே குடுக்க வேணும்."

சுவாமி சிரிச்சார். நான் அவருக்கு முன்னாலயே பிளேட்டை எடுத்து ரொக்கெட் எல்லாத்தையும் நெம்பிக் கழட்டிக் குப்பைக் கடகத்துக்குள்ள எறிஞ்சன். எறியேக்க ஒரு சந்தோசம் வந்தது, ஏன் பொய் சொல்லுவான்.

அடியில உருளுற சில்லுப் பூட்டி நிப்பாட்டினால் அடுத்த கூத்து. மூக்கு மேல எழும்பி, வால் நிலத்தில குத்திச்சு. தள்ளிவிட்டால் திரும்பவும் பின்னால குந்திச்சு. விளக்கத்தாளில ஒரு மூலையில சின்னதா ஒரு தராசுப் படிக்கல்லுப் படம் போட்டுக் கிடந்ததை அப்பதான் கண்டன், மூக்குக்குள்ள பாரம் வைச்சுப்போட்டு ஒட்டு எண்டு. ஒட்டியாச்சே! நல்லகாலம் முன்கண்ணாடி இன்னும் ஒட்டேல்லை. அண்ணை தன்ர வலையில இருந்து ரெண்டு ஈயக்குண்டைக் கழட்டிக்கொண்டு வந்தார். அதைத் தட்டிச் சப்பளிச்சு, ஓட்டுறவன்ர கதிரைக்குக் கீழ செருகிப் பசை விட்டம். ஹெலி மெல்லமாக் குனிஞ்சு மூண்டு சில்லிலயும் நிண்டுது. "பாத்தியே, வலைக்கும் உதுக்கும் ஒரு மருந்துதான்" எண்டு அண்ணை ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சார்.

எல்லாம் முடிஞ்சுது எண்டு ரெலிபோனில சுத்திக் காட்டினன். மனிசி, "கதவு பூட்டிக் கிடக்கு" எண்டா.

"கதவெண்டால் பூட்டித்தானே இருக்கும்?"

"திறந்துதான் இருந்தது. திறவுங்கோ."

"இஞ்ச பாரும், ஒட்டியாச்சு. இனித் திறக்கிறதெண்டால் உடைக்க வேணும்."

"உடைச்சாலும் பரவாயில்லை. திறவுங்கோ" எண்டா. குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு ஏறின கோவத்தில ரெலிபோனை வைச்சிட்டன். அடுத்தநாள் பின்னேரம் பிளேட்டால கதவை நெம்பித் திறந்தன். விரல் வெட்டுப்பட்டு, கதவின்ர ஒரு மூலையும் போச்சு. அதைப் பெயின்ற் வைச்சு மறைச்சன்.

பங்குனியில ஒரு சனிக்கிழமை, ஹெலியை என்ர பழைய சாரத்தால சுத்திக் கடகத்துக்குள்ள வைச்சு, மடியில வைச்சபடி கடல் கடந்து கரம்பனுக்குக் கொண்டுபோனன். ஒரே முடிவோடதான் போனது. நேர்த்தி தயார், குடுக்க வாரும் எண்டு கேக்கிறது. வரமாட்டன் எண்டால் மாற்றத்துக்கு எழுதிறது. அதுக்கு மேல என்னால ஏலாது.

மேசையில வைச்சன். மூண்டு சில்லிலயும் நிண்டுது. மாமி கையெடுத்துக் கும்பிட்டா. மகள் விசிறியைப் பிடுங்கப் பாய்ஞ்சா, மனிசி அவளை இடுப்பில தூக்கிக்கொண்டு குனிஞ்சு கதவுக்குள்ளால பாத்தா. கனநேரம் பாத்தா. அந்தச் சிவப்பு நூலைக் கண்டிருப்பா.

"இதாலதான் உங்களைப் பாத்தனான்" எண்டா.

"என்னையோ?"

"மேல எழும்பேக்க. நீங்கள் என்ர செருப்பையும் பிடிச்சுக்கொண்டு இறங்குதுறைப் பக்கம் ஓடினியள். அண்ணை பின்னால ஓடினார். எனக்கு உடன விளங்கிட்டுது, இந்த மனிசன் வள்ளம் எடுக்கப்போகுது எண்டு. கீழ பாத்தால் கடல் முழுக்க வெள்ளை." அவ பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாத்தினா. "எனக்கு என்ன பயம்? நான் மேல போறன், பக்கத்தில நேர்ஸ் இருக்கிறா. பிள்ளைக்கு எண்டு நேர எனக்கு நினைவே வரேல்லை. அந்தோனியாரே, அந்த விசர் மனிசனைக் கரையில சேத்துவிடும், நான் கிடக்கிற இந்த ஹெலி மாதிரி ஒண்டு உமக்குத் தாறன் எண்டுதான் கேட்டனான்."

 பிள்ளைக்கு எண்டு நினைச்சு நான் பூட்டினது அவ்வளவும் எனக்காம்.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" எண்டன்.

"சொன்னால் பெருமைப்படுவியள். பிறகும் அப்பிடியே ஓடுவியள். அதுக்குத்தான் இஞ்சால வாங்கோ எண்டனான். எனக்குக் கடலுக்குப் பயமே? நான் தீவில பிறந்தவள். நாளைக்கு இவளுக்கு ஒரு வருத்தம் வந்து ஹெலி தூக்கிக்கொண்டு போனால், நீங்கள் திரும்பவும் அந்த வள்ளத்தில ஏறுவியள். எனக்குத் தெரியும்."

எனக்குக் கோவம் வந்திட்டுது. கோவம் எண்டும் சொல்ல ஏலாது, அழுகை வந்தால் நான் கத்திறவன்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் கிழமைக்குக் கிழமை எதில வந்தனான் எண்டு நினைச்சனீர்? நடந்தோ?"

"லோஞ்சில. குளம் மாதிரி எண்டுதானே சொன்னியள்?"

"குளமோ! கார்த்திகையில வந்தேக்க லோஞ்சுக்குள்ள முழங்காலளவு தண்ணி. ஒரு கிழவி என்ர மடியில சத்தி எடுத்துப்போட்டு அந்தோனியாரையும் நாகபூசணி அம்மனையும் சேத்துக் கூப்பிட்டது. நான் குறிகட்டுவானில சேட்டு மாத்திக்கொண்டு வந்து உமக்குக் குளம் எண்டு சொன்னனான். நீர் இஞ்ச இருந்தால் நான் வருவன். பேய்க்காத்தடிச்சாலும் வருவன். நான் கடலில இறங்கக் கூடாதெண்டால் நீர் வீட்டில இருக்க வேணும். இதுக்கு விஞ்ஞான வாத்தி தேவையில்லை, மூண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்!"

மனிசி பிள்ளையைக் கீழ இருத்தினா. "எல்லாம் பொய்யோ?" எண்டா.

"ஓம்."

"ஒவ்வொரு கிழமையுமோ?"

"ஓம் எண்டன்தானே."

பிள்ளையின்ர துவாயால விளாசினா பாருங்கோ, ஒண்டு, ரெண்டு எண்டில்லை. அடிச்சு அடிச்சு அழுதா. மகள் ஏதோ விளையாட்டாக்கும் எண்டு கைகொட்டிச் சிரிச்சா. நானும் அழுதனான்தான், மறைக்கேல்லை. மாமி ஹெலியை மேசையில இருந்து எடுத்துப் பத்திரமா அலுமாரிக்கு மேல வைச்சா. கடைசியில மனிசி மூக்கைத் துடைச்சுக்கொண்டு, "லோஞ்சு ஓடாத நாளில வள்ளம் எடுக்கமாட்டன் எண்டு அந்தோனியாருக்கு முன்னால சொல்ல வேணும்" எண்டா.

"நீங்கள் ரெண்டு பேரும் வீட்டில இருந்தால் நான் ஏன் எடுக்கிறன்?"

"அப்பிடியில்லை. சொல்ல வேணும்."

"சொல்லுறன்."

அவ குசினிப் பக்கம் திரும்பி, "அம்மா, பிள்ளையின்ர போத்தலுகளை எடுத்துக் கட்டுங்கோ" எண்டா. அந்த வார்த்தையைக் கேக்கேக்க எனக்கு வந்த நிம்மதி, வள்ளம் கரை தட்டின அண்டைக்கும் வரேல்லை.

ஞாயிறு பின்னேரம் கடல் உண்மையாவே குளம் மாதிரிக் கிடந்தது. அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பிள்ளை என்ர மடியில, ஹெலி அவவின்ர மடியில. இறங்குதுறையில அண்ணை நிண்டார். பிள்ளையை வாங்க முதல் ஹெலியைத்தான் வாங்கித் தூக்கிப் பாத்து, ஈயம் அசையேல்லை எண்டு நிச்சயப்படுத்தினார். அடுத்த பூசையில சுவாமி தீர்த்தம் தெளிச்சு அலுமாரிக்குள்ள வைச்சார். நான் முழங்காலில நிண்டு, மனிசிக்குக் கேக்கிறமாதிரிச் சத்தமாச் சொல்ல வேண்டியதைச் சொன்னன். மூக்கு முன்னால குனிஞ்சபடி, கதவு திறந்தபடி, அது வள்ளங்களுக்கு நடுவில நிண்டுது.

இப்ப திரும்பவும் சோளகம் எழும்பிட்டுது. போன சனிக்கிழமை லோஞ்செல்லாம் கட்டிப்போட்டினம். நான் விறாந்தையில பாயைப் போட்டு மகளை நெஞ்சில கிடத்திக்கொண்டு கிடந்தன். பனையெல்லாம் ஓவெண்டு கத்துது. குசினிக்குள்ள இருந்து மனிசி பழக்கதோசத்தில கேட்டா:

"கடல் எப்பிடி?"

"பேய் மாதிரி" எண்டன்.

"நல்லது" எண்டா. "தேத்தண்ணி குடிக்கிறியளே?"